டர்பனில் டிசைனர் திரைச்சீலைத் துணி: எந்த ஜன்னலுக்கு எந்த வழியில் வாங்கலாம்?

தீபாவளிக்கு முன்பு வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக் கூடத்துத் திரைச்சீலைகளை மாற்றுவது சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் நடக்கிறது. பளபளக்கும் சாட்டினும் வலைத்துணியும் போதும் என்றிருந்த வீடுகளில்கூட இப்போது சாண்டர்சன், டிசைனர்ஸ் கில்ட் போன்ற இங்கிலாந்து நிறுவனங்களின் அச்சுத் துணிகளையும், நம் குவாசுலு-நடாலிலேயே உருவாகும் ஆர்ட்மோர் துணிகளையும் விரும்பிக் கேட்கிறார்கள். முழு விலை கொடுத்து அவற்றால் ஒரு கூடத்தையே நிறைப்பது நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் அதே துணி விலை குறைந்து கைக்கு வரும் வழிகள் உண்டு: விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்ட வரிசைகள், கட்பீஸ், சிறு குறையுள்ள செகண்ட்ஸ், வெளிநாட்டு இணையக் கடைகளின் தள்ளுபடி. தைத்தே விற்கும் ரெடிமேட் திரைச்சீலைகளையும் இவற்றோடு வைத்து ஒப்பிட்ட பிறகு முடிவெடுப்பதுதான் முறை.

ஒப்பிடும்போது மீட்டர் விலையை மட்டும் பார்ப்பதால்தான் பலருக்குக் கணக்கு தவறுகிறது. தைத்து மாட்டி முடித்த ஒரு ஜன்னலுக்கு மொத்தம் எவ்வளவு ஆகிறது என்பதே உண்மையான விலை. திரை ஓடும் டிராக் 2.4 மீட்டர் நீளமும், மேலிருந்து கீழே 2.2 மீட்டர் உயரமும் உள்ள ஒரு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். சுருக்கு நன்றாக விழ டிராக்கைப் போல் இரு மடங்கு, அதாவது 4.8 மீட்டர் அகலத்துக்குத் துணி வேண்டும். டிசைனர் அச்சுத் துணிகளின் அகலம் பெரும்பாலும் 137 முதல் 140 சென்டிமீட்டர் என்பதால் நான்கு பட்டைகள் தேவைப்படும். மேல் தலைப்புக்கும் அடிமடிப்புக்கும் 25 சென்டிமீட்டர் சேர்த்தால் ஒரு பட்டையின் வெட்டு நீளம் 2.45 மீட்டர். டிசைன் 64 சென்டிமீட்டருக்கு ஒரு முறை திரும்ப வருவதாக இருந்தால், பூவோடு பூ பொருந்துவதற்காக ஒவ்வொரு பட்டையையும் 2.56 மீட்டராக வெட்ட வேண்டியிருக்கும். மொத்தத்தில் ஏறத்தாழ பத்தரை மீட்டர். தள்ளுபடியில் மீட்டர் 400 ராண்ட் என்று வைத்துக்கொண்டால் துணிக்கு மட்டும் 4,200 ராண்ட் ஆகிவிடுகிறது.

இதற்கு எதிரே, 280 சென்டிமீட்டர் அகலமுள்ள துணி ஒன்று மீட்டர் 600 ராண்டுக்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். அதைப் படுக்கவைத்து, துணியின் அகலத்தையே ஜன்னலின் உயரமாகக் கொண்டு தைக்கலாம் என்பதால், ஓர மடிப்புகளையும் சேர்த்து 5.2 மீட்டர் போதும். செலவு 3,120 ராண்ட். பட்டைகளை இணைக்கும் வேலையும் இல்லை. தையல்கூலியைப் பட்டைக் கணக்கில் வாங்குபவரிடம் அங்கேயும் மிச்சம். மீட்டர் விலையில் ஒன்றரை மடங்காகத் தெரிந்த துணி, ஜன்னல் கணக்கில் ஆயிரம் ராண்டுக்கு மேல் மலிந்துவிடுகிறது. பக்கவாட்டில் திருப்பும்போது டிசைனின் தலை எந்தத் திசையில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். படுத்திருக்கும் மரங்களையும் பறவைகளையும் எந்தத் தையற்காரராலும் நிமிர்த்த முடியாது.

கூடத்துப் பெரிய ஜன்னலுக்கும் தள்ளு கதவுக்கும் நான் முதலிடம் கொடுப்பது, விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்ட வரிசைகளுக்குத்தான். துணி நிறுவனங்கள் தங்கள் மாதிரிப் புத்தகங்களை அவ்வப்போது புதுப்பிக்கின்றன. புத்தகத்திலிருந்து ஒரு டிசைன் நீக்கப்பட்டால், அலங்கார நிபுணர்கள் அதைத் தங்கள் வாடிக்கையாளருக்குக் காட்டுவது நின்றுவிடும். கிடங்கில் மிஞ்சிய ரோல் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். துணியில் குறையேதும் இல்லாமல், புத்தகத்தை விட்டு வெளியேறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக விலை சரியும் துணி இது. இத்தகைய துணிகள் பெரும்பாலும் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் அலங்காரக் கடைகளின் வழியாகவே வருவதால், கடைக்குள் நுழைந்ததும் புதிய புத்தகங்களைப் புரட்டாமல், “நிறுத்திவிட்ட வரிசையில் பத்து மீட்டருக்குக் குறையாமல் ஒரே ரோலில் என்னென்ன இருக்கின்றன?” என்று நேராகக் கேட்பது நல்லது.

ஒரே ரோல் என்பதை வலியுறுத்தக் காரணம் உண்டு. ஒவ்வொரு முறை சாயம் ஏற்றும்போதும் நிறம் மயிரிழை அளவு மாறும். கையில் பிடித்துப் பார்க்கையில் தெரியாத அந்த வேறுபாடு, இரு பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு வெயில் பட்டதும் பளிச்சென்று தெரியும். நடப்பு வரிசையாக இருந்தால் அதே சாயத் தொகுதியில் வேறு ரோல் கிடைக்குமா என்று விசாரிக்கலாம். நிறுத்தப்பட்ட துணியில் அந்த வசதி கிடையாது. ஆகவே தேவைக்கு மேல் ஒரு மீட்டர் சேர்த்தே வாங்குங்கள். பணம் ஒரேயடியாகப் புரளாவிட்டால் லே-பை முறையில் முழுத் துணியையும் ஒதுக்கிவைக்கச் சொல்லித் தவணையில் கட்டலாம். பாதியை இந்த மாதமும் மீதியை அடுத்த மாதமும் வெட்டி வாங்குவதை விட அது எவ்வளவோ மேல்.

கட்பீஸ் வேறு வகை வேட்டை. டாக்டர் யூசுஃப் டாடூ தெரு என்று பெயர் மாறிய பிறகும் நம் பெரியவர்கள் கிரே தெரு என்றே அழைக்கும் கடைவீதிப் பக்கத்தில், ரோல் முடிவில் மிஞ்சிய இரண்டு, மூன்று, எட்டு மீட்டர்த் துண்டுகளை அடுக்கி வைத்திருக்கும் துணிக்கடைகளுக்குள் பொறுமையாக நுழைபவருக்குச் சில சமயம் நல்ல துணி அகப்படும். ‘டிசைனர்’ என்ற சொல்லை அட்டையில் எழுதி ஒட்டுவதை யாரும் தடுப்பதில்லை என்பதால், அட்டையை விட்டுவிட்டுத் துணியின் கரையை, அதாவது நெசவு முடியும் நீளவாட்டு ஓரத்தைப் பாருங்கள். பெயர்பெற்ற நிறுவனங்களின் அச்சுத் துணியில் நிறுவனத்தின் பெயரும் டிசைனின் பெயரும் கரையிலேயே அச்சாகியிருப்பது வழக்கம். அதன் அருகே சிறு வட்டங்களாக நிறப் புள்ளிகள் வரிசையாக இருக்கும்; ஒவ்வொரு புள்ளியும் அச்சில் பயன்பட்ட ஒரு நிறம். பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் இருந்தால் அத்தனை நிறங்களைத் தனித்தனியே ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். டிஜிட்டல் அச்சில் இந்தப் புள்ளிகள் இல்லாமலும் போகலாம் என்பதால், புள்ளி இல்லை என்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டக் கூடாது. கரை முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு விற்கும் துண்டைத்தான் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

இங்கே ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்து வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1883-இல் வரைந்த, பழம் கொத்தும் பறவைகளைக் கொண்ட ‘ஸ்ட்ராபெரி தீஃப்’ டிசைனைப் பலரும் விரும்புகிறார்கள். அவர் 1896-இல் காலமானார். அவருடைய மூல வரைவுகளுக்கான பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. எனவே 1861-இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயரை இன்றும் தாங்கிவரும் மோரிஸ் அண்ட் கோ துணியை விடப் பல மடங்கு மலிவாக, அதே பறவைகளை வேறு ஆலைகளும் அச்சடிக்கலாம். நிறுவனத்தின் பெயரைப் போட்டு ஏமாற்றாத வரையில் அதில் குற்றமில்லை. உங்கள் மனம் கேட்பது அந்தப் பறவைகளைத்தான் என்றால், நெசவின் அடர்த்தியும் சாயத்தின் உறுதியும் திருப்தி தரும் பட்சத்தில், இந்த மலிவுத் துணியே நியாயமான தேர்வு.

எட்டு மீட்டர்க் கட்பீஸ் ஒன்று மனத்துக்குப் பிடித்துவிட்டால், மேலே சொன்ன ஜன்னலுக்கு நான்கு பட்டைகளுக்குப் பதில் மூன்று போட்டுப் பக்கத்துக்கு ஒன்றரையாகத் தைக்கலாம், 7.68 மீட்டரில் வேலை முடியும். சுருக்கு இரு மடங்கிலிருந்து ஏறத்தாழ 1.7 மடங்காகக் குறையும். கனமான, பெரிய பூப்போட்ட துணியில் அது கண்ணை உறுத்தாது. வாயில் எனப்படும் மெல்லிய துணியில் வறுமையாகத் தெரியும்.

ஆனால் கட்பீஸின் சிறப்பான பயன் கரைப்பட்டை என்பதே என் கருத்து. 137 சென்டிமீட்டர் அகலத் துணியில் 2.6 மீட்டர் துண்டு ஒன்றை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் அகலமுள்ள இரு பட்டைகள் கிடைக்கும். ஜன்னலின் நடுவில் சந்திக்கும் இரு ஓரங்களிலும் அவற்றை வைத்து, எஞ்சிய பகுதிக்கு 280 சென்டிமீட்டர் அகல வெற்றுத் துணி நான்கு மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். டிசைனர் துண்டு மீட்டர் 400, வெற்றுத் துணி மீட்டர் 200 என்று கணக்கிட்டால் 1,840 ராண்டில் அதே ஜன்னல் முடிகிறது. புடவையில் முந்தானையும் கரையும் கண்ணை ஈர்ப்பது போல டிசைன் தெரிய வேண்டிய இடத்தில் தெரிகிறது. இரண்டு துணிகளும் ஒரே நூலினமாக இருக்க வேண்டும். பருத்தியையும் பாலியெஸ்டரையும் இணைத்துத் தைத்தால், முதல் துவைப்பில் பருத்தி சுருங்கிப் பாலியெஸ்டர் அப்படியே நிற்க, தையல் நெடுகக் கோணிக்கொள்ளும்.

செகண்ட்ஸ் வாங்குவதற்குத் துணிச்சலும் நல்ல வெளிச்சமும் வேண்டும். ஆலையில் பரிசோதிப்பவர்கள் குறை கண்ட இடத்தில் கரையோரம் ஒரு வண்ண நூலைக் கட்டியோ சிறு ஒட்டுச்சீட்டு வைத்தோ விடுவார்கள். அந்த அடையாளங்களை எண்ணிப் பார்த்தால் குறைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று தெரிந்துவிடும். ஐந்தாறு மீட்டருக்கு ஓரிடத்தில் ஒரு முடிச்சோ சாயத் துளியோ இருந்தால், வெட்டும்போது அதை அடிமடிப்புக்குள் தள்ளிவிடலாம். டிசைன் கோணலாக அச்சாகியிருந்தால் தப்ப வழியில்லை. அதைக் கண்டுபிடிக்க, வெட்டு மேசையில் துணியைக் குறுக்கே மடித்து, கரையின் மேல் கரை சரியாகப் படியும்படி வைத்து, மடிப்புக் கோட்டைக் கவனியுங்கள்: ஒரு ஓரத்தில் மடிப்பில் விழும் பூவே மறு ஓரத்திலும் விழ வேண்டும். இரண்டு விரற்கடை விலகினாலும் நான்கு பட்டைகளை இணைக்கையில் டிசைன் சரிந்து இறங்கும்; அந்தத் துணி இலவசமாகக் கிடைத்தாலும் பெரிய ஜன்னலுக்கு உதவாது. வெற்று நிறத் துணிகளிலும் லைனிங்கிலும் இந்தச் சிக்கல் இல்லை என்பதால், செகண்ட்ஸை அவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டை வகுக்கிறது. வாங்கிய பொருளில் குறை தெரிந்தால் ஆறு மாதங்களுக்குள் அதைத் திருப்பித் தந்து, பழுது நீக்கமோ மாற்றுப் பொருளோ பணமோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தள்ளுபடியில் வாங்கியதால் அந்த உரிமை போய்விடாது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையும் அதைப் பறிக்காது. ஆனால் இன்ன குறை இருக்கிறது என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி, நீங்கள் அதை ஏற்று வாங்கியிருந்தால், அந்தக் குறையைக் காரணம் காட்ட முடியாது. ஆகவே செகண்ட்ஸ் வாங்கும்போது என்ன குறை என்பதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத குறைக்கு உங்கள் உரிமை நிற்கும். வெட்டிய பிறகு மனம் மாறித் திருப்பித் தர நினைப்பது வேறு விஷயம். அதற்குக் கடைக்காரர் இணங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வெளிநாட்டு இணையத் தள்ளுபடியில் தெரியும் விலை மிகவும் கவர்ச்சியானது. வீட்டுக்கு வந்து சேரும் விலை வேறு. நெய்த துணிகள் பெரும்பாலானவற்றுக்குத் தென்னாப்பிரிக்காவில் பொதுச் சுங்கத் தீர்வை 22 விழுக்காடு. மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காடு. அதைக் கணக்கிடும்போது துணியின் சுங்க மதிப்போடு பத்து விழுக்காட்டையும் தீர்வையையும் கூட்டிய தொகையின் மேல் போடுகிறார்கள். 5,000 ராண்ட் துணிக்குத் தீர்வை 1,100, வரி 990, ஆக 7,090 ராண்ட். இதன் மேல் அனுப்பும் செலவும் கூரியர் நிறுவனத்தின் சுங்க வேலைக்கான கட்டணமும் வரும். தோற்ற நாட்டுச் சான்று இருந்தால் சில நாடுகளின் துணிக்குத் தீர்வை குறையலாம்; ஆனால் சில்லறையாக விற்கும் இணையக் கடை அந்தச் சான்றைத் தரும் என்று நம்பிக் கணக்குப் போடக் கூடாது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள துணி பத்தரை மீட்டர் வாங்கினால் நாலரைக் கிலோவை நெருங்கும். அமெரிக்கக் கடைகள் விலையை மீட்டரில் சொல்லாமல் கெஜத்தில் சொல்வதால் பத்தரை மீட்டருக்குப் பதினொன்றரைக் கெஜம் வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். இவ்வளவுக்குப் பிறகும் நிறத்தைத் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறோம். உள்ளூர் இணையக் கடையில் வாங்கினால், பொருள் வந்த ஏழு நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பித் தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் உங்கள் அளவுக்கென்று ஆக்கிய பொருளுக்கு அந்த உரிமை பொருந்தாது. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சோபாவுக்கோ சுவர்க் காகிதத்துக்கோ இணையான அதே டிசைன்தான் வேண்டும், இங்கே எங்கும் கிடைக்கவில்லை என்ற நிலையில் மட்டும் இந்த வழியை நாடுவேன்; அப்போதும் மாதிரித் துண்டு ஒன்றை முதலில் வரவழைத்துப் பார்த்த பிறகே.

ரெடிமேட் திரைச்சீலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாடகை வீட்டுக்கும் சிறு பிள்ளைகளின் அறைக்கும் அதுவே போதும். உயரம் குறிப்பிட்ட சில அளவுகளில்தான் வரும். கூடத்தின் பெரிய ஜன்னலில் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நின்றால் எத்தனை விலை கொடுத்த மற்றப் பொருள்களின் அழகையும் அது கெடுத்துவிடும்.

எந்த வழியில் வாங்கினாலும் டர்பனின் வெயிலும் ஈரமும் கடைசித் தீர்ப்பைச் சொல்கின்றன. நாம் பூமியின் தென்பாதியில் இருப்பதால் வடக்குப் பார்த்த ஜன்னலில்தான் வெயில் நாளெல்லாம் விழுகிறது. பட்டு அந்த வெயிலில் சில ஆண்டுகளில் நைந்து கிழியும். எவ்வளவு மலிந்தாலும் அங்கே பட்டு வேண்டாம். லினன் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீண்டும் குறுகியும் ஆடும். தரையைத் தொட்டும் தொடாமலும் தைத்த லினன் திரை மழைக்காலத்தில் தரையில் புரள்வதைக் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் காணலாம். விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழக்கும். சாயம் வெயிலைத் தாங்கும் திறனை 1 முதல் 8 வரை அளக்கும் தரக்குறியீடு உண்டு. மாதிரிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அந்த எண் இருந்தால் 5-க்குக் குறையாமல் பாருங்கள். எண் கிடைக்காத கட்பீஸுக்கு, ஒரு சாண் துண்டின் பாதியை அட்டையால் மூடிக் கண்ணாடியில் ஒட்டிச் சில வாரங்கள் கழித்து இரு பாதிகளையும் ஒப்பிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, லைனிங் இல்லாமல் டிசைனர் துணியை மாட்டாதீர்கள். துணியில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதியை நல்ல பிளாக்அவுட் லைனிங்குக்குக் கொடுத்தால், வெயில் லைனிங்கைத் தின்னும்; துணி தப்பும்.

பூஜை அறைக்குப் பக்கத்து ஜன்னலுக்குத் தனி யோசனை வேண்டும். சூடமும் சாம்பிராணியும் நாள்தோறும் எரியும் இடத்தில் புகைக்கறை படிவது உறுதி. டிசைனர் துணிகளில் பல டிரை கிளீன் மட்டுமே செய்யத் தக்கவை. ஆண்டுக்கு இரண்டு முறை அந்தச் செலவு வந்தால் தள்ளுபடியில் கிடைத்த லாபம் கரைந்துவிடும். அங்கே வீட்டிலேயே துவைக்கக் கூடிய பருத்தியைத் தேர்ந்தெடுத்து, தைப்பதற்கு முன்பே ஒரு முறை நனைத்துச் சுருங்கவைத்துவிட வேண்டும். அதற்காக நீளத்தில் ஐந்து விழுக்காடு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். விளக்கின் சுடர் எட்டும் தூரத்தில் எந்தத் துணியும் தொங்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தைப்பதற்கு நம் ஊர்ப் பக்கம் ஆள் பஞ்சம் இல்லை. துணி ஆலைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்துக் கைதேர்ந்த நம் பெண்கள் பலர் இன்று வீட்டிலேயே மெஷின் வைத்துத் திரைச்சீலை தைக்கிறார்கள். அப்படித் தைக்கும் ஒருவரிடம் துணியை முதலில் கொண்டுபோனால் அவர் சொல்வது இதுதான்: “அளவைக் கொண்டுவாம்மா, அப்புறம் துணி வாங்கு.” டிசைன் திரும்ப வரும் நீளத்தையும் துணியின் அகலத்தையும் அவரிடம் சொல்லி எத்தனை மீட்டர் என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போவதால், ஒரு பட்டைக்குத் துணி போதாமல் தவிக்கும் நிலை வராது.

காலமும் கணக்கில் சேரும். பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி எந்த ஆண்டும் தீபாவளி கழிந்த பிறகே வருகிறது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை தையலகங்கள் பலவும் விடுமுறையில் மூடியிருக்கும். புரட்டாசியில் போய்க் கேட்டால் நல்ல கைகளிடம் வேலை நிரம்பியிருக்கும். ஆகவே இந்தத் தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஜூன், ஜூலை குளிர்காலத்திலேயே நிறுத்தப்பட்ட வரிசைகளைத் தேடத் தொடங்குங்கள். காத்திருக்க முடியுமென்றால் நவம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வாங்கி, அட்டைக் குழாயில் சுற்றியபடியே பழைய பருத்தி வேட்டியால் மூடி உலர்ந்த அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் நம் கோடைக்காலத்து ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். மடித்து வைத்தால் மடிப்புத் தழும்பு விழுந்து, சில துணிகளில் இஸ்திரி போட்டாலும் போகாது.